குறை பிறந்த இடம்

ஜி.டி.ஏ. ஆன்லைன் விளையாடியவர்களுக்கு அந்த மேகங்கள் மறந்திருக்காது. உள்ளே நுழையப் பொத்தானை அழுத்திவிட்டு, நகரத்துக்கு மேலே மேகம் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். சிலர் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போட எழுந்து போவார்கள். 2013 அக்டோபரில் வந்த விளையாட்டு அது. கணினிக்கு வந்தது 2015 ஏப்ரலில். வந்த நாளிலிருந்து உலகம் முழுக்க ஒரே புலம்பல்தான்: லோடிங் ஏன் இவ்வளவு நேரம்? புது கணினி வாங்கினார்கள், வேகமான டிஸ்க் போட்டார்கள், இணைய இணைப்பை மாற்றினார்கள். மேகம் மட்டும் விலகவில்லை.

2021 பிப்ரவரி கடைசி நாளில் ஒரு விளையாட்டு ரசிகர் இதற்கான காரணத்தைக் கண்டுபிடித்து எழுதினார். அந்த விளையாட்டைச் செய்த ராக்ஸ்டார் நிறுவனத்தோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. மூல நிரலும் அவர் கையில் இல்லை. லோடிங் ஓடும்போது கணினிக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே அளந்து பார்த்தார், அவ்வளவுதான். டிஸ்க் சும்மா இருக்கிறது, இணைய இணைப்பும் சும்மா இருக்கிறது, ப்ராசஸரின் ஒரே ஒரு பகுதி மட்டும் மூச்சுத் திணறத் திணற எதையோ செய்துகொண்டிருக்கிறது. என்ன செய்கிறது என்று தோண்டினார்.

விளையாட்டுக்குள் வாங்கக்கூடிய பொருள்களின் பட்டியல் ஒன்று, 10 எம்பி அளவில், சுமார் 63,000 பொருள்களோடு வருகிறது. அதைத் துண்டு துண்டாகப் படிக்கும்போது, ஒவ்வொரு துண்டுக்கும் மீதிக் கோப்பு எவ்வளவு நீளம் என்று கடைசிவரை போய் எண்ணிவிட்டுத் திரும்புகிறது நிரல். பிறகு ஒவ்வொரு பொருளையும் சேர்க்கும் முன், இது ஏற்கெனவே இருக்கிறதா என்று பட்டியல் முழுக்கத் தேடுகிறது. அந்தத் தேடலில் மட்டும் கிட்டத்தட்ட 200 கோடி ஒப்பீடுகள். இரண்டையும் அவர் தன் கணினியில் சரிசெய்து பார்த்தார். ஆறு நிமிடம் எடுத்தது ஒரு நிமிடம் 50 விநாடியாகக் குறைந்தது.

ராக்ஸ்டார் அதைச் சோதித்து, சரிதான் என்று ஏற்றுக்கொண்டது. மார்ச் 16-ல் அதிகாரபூர்வ அப்டேட் வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கு மட்டும் வழக்கமாகத் தரும் பரிசுத் திட்டத்திலிருந்து அவருக்கு 10,000 டாலர் கொடுத்தார்கள். அதற்காக அந்த நிறுவனத்தை மனமாரப் பாராட்டுகிறேன். வெளியாள் ஒருவர் வந்து தவறைச் சுட்டும்போது வக்கீலை அனுப்பும் நிறுவனங்களும் இருக்கின்றன.

ஆனாலும் இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு. லோடிங் நேரம் பற்றிப் புகார் வராமல் இல்லை. ஏழு ஆண்டுகளாக வந்துகொண்டேதான் இருந்தது. அந்த விளையாட்டைப் பற்றி வந்த புகார்களிலேயே மிகச் சாதாரணமானது அதுதான். அதனாலேயே அதை யாரும் கேட்காமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மென்பொருள் குழுக்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். புதுக் குறை ஒன்று வந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். டிக்கெட் போடுவார்கள், கூட்டம் கூட்டுவார்கள். அதே குறை இருநூறாவது முறை வரும்போது, “அதுவா, அது தெரிஞ்ச விஷயம்தான்” என்று ஒரு பதில் கிடைக்கும். தெரிந்த குறைகள் என்று ஒரு பட்டியலே இருக்கும். அந்தப் பட்டியலுக்குள் போன குறை மெல்ல மெல்லச் சுவரோடு சுவராகிவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கேட்டால், “அது அப்படித்தான், பெரிய கேம் இல்லையா, லோடாக நேரமாகும்” என்று விளக்கமும் கிடைக்கும். விளக்கம் ஒன்று கிடைத்துவிட்டால் பிறகு யாரும் அளந்து பார்ப்பதில்லை. அந்த ரசிகர் செய்தது அதைத்தான்: விளக்கத்தை நம்பாமல், குறை பிறந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார்.

ஆப்போ கேமோ செய்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான். பயனர் சொல்வதை மதிப்பது என்றால் அவர் சொன்னபடி செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். அவர் எங்கே நின்று அதைச் சொல்கிறாரோ அங்கே போய் நிற்பதுதான் மதிப்பு. அங்கே போனால் அவர் கேட்டது கொடுக்கவேண்டிய ஒன்றாகவும் இருக்கலாம், முற்றிலும் வேறொன்றைக் கொடுக்கவேண்டியும் வரலாம்.

ஃபேஸ்புக்கின் நியூஸ் ஃபீட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 செப்டம்பர் 5 அன்று அது வந்தது. அதுவரை ஒரு நண்பர் என்ன செய்கிறார் என்று பார்க்க அவருடைய பக்கத்துக்கு நாம்தான் போகவேண்டும். ஒரே இரவில் எல்லாம் முதல் பக்கத்தில் வந்து கொட்ட ஆரம்பித்தது. யார் யாரோடு சேர்ந்தார்கள், யார் யாரைப் பிரிந்தார்கள், யார் எந்தப் படத்தைப் போட்டார்கள் என்று. பெரும் கொந்தளிப்பு. அப்போது ஃபேஸ்புக்கின் மொத்தப் பயனர்களே ஒரு கோடியை ஒட்டித்தான். அதில் ஏழு லட்சம் பேருக்கு மேல் ஒரே எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று: இதைத் தூக்கிவிடுங்கள்.

உள்ளே இருந்தவர்கள் எண்ணிக்கைகளைப் பார்த்தபோது நேர் எதிரான ஒன்று தெரிந்தது. மக்கள் முன்பைவிட அதிக நேரம் தளத்தில் இருந்தார்கள். எதிர்ப்புக் குழு அவ்வளவு வேகமாகப் பெருகியதற்குக் காரணமே நியூஸ் ஃபீட்தான். “உங்கள் நண்பர் இந்தக் குழுவில் சேர்ந்தார்” என்று அதுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் இரண்டு தவறுகளுக்கு வாய்ப்பு இருந்தது. ஒன்று, கூச்சலுக்குப் பயந்து அதை எடுத்துவிடுவது. இன்னொன்று, “சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, இவர்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று எண்களை மட்டும் நம்பிப் போய்விடுவது. அந்த வாரம் அவர்கள் செய்தது இரண்டும் இல்லை. சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு, எது யாருக்குத் தெரியவேண்டும் என்று பயனரே தீர்மானிக்கும் வசதிகளைச் சேர்த்தார்கள். ஃபீட் இருந்தது. கேட்காமல் அம்பலப்படுத்திவிட்டார்களே என்ற பதற்றத்துக்கும் ஒரு பதில் கிடைத்தது. பிற்காலத்தில் அந்த நிறுவனம் தனிமனித விவரங்களை எப்படிக் கையாண்டது என்பது வேறு கதை. அதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாரம் படிக்கத் தகுந்த வாரம்.

மேஜிக்: த கேதரிங் சீட்டு விளையாட்டின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டர், 2016-ல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில், இருபது ஆண்டு அனுபவத்திலிருந்து இருபது பாடங்களைச் சொன்னார். அதில் ஒன்றின் சாரம்: எங்கோ பிரச்சினை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் விளையாடுபவர்கள் கெட்டிக்காரர்கள், அதைத் தீர்ப்பது எப்படி என்று சொல்வதில் அவ்வளவு இல்லை. தீர்வுக்கு வேண்டிய கட்டுப்பாடுகள் எதுவும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை என்பதுதான் காரணம். நிரலும், பட்ஜெட்டும், அடுத்த மாதம் வரப்போகிற இன்னொரு மாற்றமும் நமக்குத்தான் தெரியும்.

இதை இன்னும் சின்ன அளவில் பார்க்கலாம். திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தைக்குக் கரண்ட் பில், கேஸ் எல்லாம் கட்ட ஒரு ஆப் உண்டு. பெயர் வேண்டாம். அதில் ஓடிபி கேட்கும். ஒருநாள் போனில் சொன்னார்:

“ஏலே, இது நம்பரக் கேக்கு. நான் போயி மெசேஜப் பாத்து மனசுல வச்சுக்கிட்டு வாரதுக்குள்ள, நான் யாருன்னே தெரியாத மாதிரி மொதல்ல இருந்து கேக்கு.”

“அத்தை, நெட் சரியா இருக்கா?”

“நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் மறதி.”

அத்தை சொன்னது தொழில்நுட்ப ரீதியாகத் துல்லியமான விவரிப்பு. அவருடையது 2 ஜிபி ராம் உள்ள பழைய போன். மெசேஜ் ஆப்பைத் திறந்த கணத்தில் இடம் போதாமல் ஆண்ட்ராய்டு பின்னால் இருந்த ஆப்பை மூடிவிடுகிறது. திரும்பி வரும்போது அது புதிதாகப் பிறக்கிறது. விட்ட இடத்தைச் சேமித்துவைக்கும் வேலையை நிரல் எழுதியவர் செய்யவில்லை என்றால், எல்லாம் முதலிலிருந்து. அதை எழுதியவரின் மேசையில் 12 ஜிபி ராம் உள்ள போன் இருக்கும். அவர் கையில் இந்தக் குறை வரவே வராது. “எனக்கு நல்லாத்தானே வருது” என்று உண்மையாகவே நம்பி அந்த டிக்கெட்டை மூடியிருப்பார். ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்புகளுக்குள் போனால், ஒரு திரையை விட்டு வெளியே போனதும் அதை அழித்துவிடும்படி சொல்ல ஒரு தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டு ஓடிபி பக்கத்தைத் திறந்தால், உயர்ந்த விலை போனும் அத்தையின் போனைப் போலவே மறக்க ஆரம்பிக்கும். ஒரு நிமிட வேலை. அத்தை இருக்கும் இடத்துக்குப் போகும் வழி அது.

அத்தை பிளே ஸ்டோரில் ரிவியூ எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? “வேஸ்ட் ஆப்” என்று ஒரு ஸ்டார். நம் ஊர் ரிவியூக்களில் பாதி அப்படித்தான் இருக்கும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, இரண்டே சொல்லில் முடித்திருப்பார்கள். “சூப்பர் ஆப்” என்று எழுதி ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் உண்டு. அந்த ஒரு நட்சத்திரம் முதல் பரிசு என்று நினைத்திருப்பார்கள். இவற்றைப் படிக்கிற ப்ராடக்ட் மேனேஜர்கள், “இதுல எடுத்துக்க ஒண்ணும் இல்ல” என்று அடுத்த பக்கத்துக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ரிவியூவின் பக்கத்திலேயே எந்தப் போன், எந்த ஆண்ட்ராய்டு, ஆப்பின் எந்தப் பதிப்பு என்ற விவரங்களை டெவலப்பருக்குக் கூகுள் காட்டுகிறது. “வேஸ்ட் ஆப்” என்ற இரண்டு சொல்லும் வெறும் கோபமாகத் தெரியலாம். ஆனால் அப்படி எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஒரே மாடல் போன் வைத்திருந்தால், அங்கே ஒரு பக் படுத்திருக்கிறது.

கூகுளே இதற்கு எல்லை வைத்திருக்கிறது. ஒரு நாளில் ஆப்பைப் பயன்படுத்துவோரில் 1.09 சதவீதத்துக்கு மேல் கண்ணெதிரே கிராஷ் கண்டாலோ, 0.47 சதவீதத்துக்கு மேல் திரை உறைந்து நின்றாலோ, பிளே ஸ்டோரில் அந்த ஆப் கண்ணில் படுவது குறையும். தனியொரு போன் மாடலில் 8 சதவீதத்தைத் தாண்டினால், அந்த மாடல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஸ்டோர் எச்சரிக்கை காட்டக்கூடும். 2021 நவம்பரிலிருந்து ரேட்டிங்கும் நாட்டுக்கு நாடு தனி. கலிஃபோர்னியாவில் வாங்கிய நாலரை ஸ்டாரை இங்கே காட்டி மறைக்க முடியாது. அத்தைக்குத் தெரியாமலேயே அத்தைக்கு ஒரு வாக்கு இருக்கிறது.

ஆனால் இந்த எண்கள் கிராஷுக்கும் திரை உறைவதற்கும்தான். அத்தையின் ஓடிபி மறதி கிராஷ் கணக்கில் வராது. எதுவும் உடையவில்லை, எல்லாம் “சரியாக” ஓடியது. ஆனால் பில் கட்டப்படவில்லை. எழுதாதவர்களின் குறையைக் கண்டுபிடிக்க, அவர்கள் எந்தத் திரையில் நின்று திரும்பிப் போகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும். ஓடிபி பக்கம்வரை வந்தவர்களில் எத்தனை பேர் அதைத் தாண்டினார்கள்? தாண்டாதவர்களின் போன் எது?

கேம்களில் இதை அழகாகச் செய்தவர்கள் ஸ்லே த ஸ்பயர் என்ற சீட்டு விளையாட்டைச் செய்தவர்கள். இரண்டே பேர் தொடங்கிய நிறுவனம். 2017 நவம்பரில், முழுமையாகும் முன்பே ‘எர்லி ஆக்சஸ்’ நிலையில் விற்பனைக்குவிட்டு, 2019 ஜனவரியில் முழுப் பதிப்பை வெளியிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் வாராவாரம் அப்டேட். எந்தச் சீட்டை யார் எடுக்கிறார்கள், எடுத்தவர்கள் ஜெயிக்கிறார்களா, எந்த எதிரியிடம் சாகிறார்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. “இந்த எதிரி அநியாயம்” என்று ஒருவர் எழுதினால், அந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தார்கள். இப்படிப் பார்க்கும்போதுதான் ஒரு நுட்பம் பிடிபடும். எண்படி நியாயமாக இருக்கிற ஒன்று, விளையாடும்போது அநியாயமாகத் தோன்றலாம். அப்போதும் குறை உண்மைதான். எதிரியின் பலத்தைக் குறைக்கத் தேவையில்லை. ஏன் தோற்றோம் என்பது தெரியும்படி திரையை மாற்றினால் போதும். எண்ணைப் பார்த்து ஆளைத் திருத்தக் கூடாது. ஆள் சொன்னதையும் எண் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

ரேட்டிங் கேட்கும் முறையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் இங்கேதான் நேர்மை தவறுகிறது. “எங்கள் ஆப் பிடித்திருக்கிறதா?” என்று ஒரு பெட்டி வரும். ஆம் என்றால் ஸ்டோருக்கு அனுப்பும், இல்லை என்றால் உள்ளேயே ஒரு கருத்துப் படிவம். மகிழ்ச்சியானவர்களை ஊருக்குக் காட்டி, மற்றவர்களை அறைக்குள் அடைக்கிற வேலை. ரேட்டிங் பெட்டியைக் காட்டும் முன் இப்படிக் கேள்வி கேட்கக் கூடாது என்று கூகுளின் வழிகாட்டி தெளிவாகவே சொல்கிறது. ஆப்பிள் தன் ரேட்டிங் பெட்டியை ஒரு பயனருக்கு 365 நாளில் மூன்று முறைக்கு மேல் காட்ட விடுவதில்லை. விதி இருக்கட்டும். அந்தப் பெட்டியால் நாம் ஏமாற்றுவது நம்மையே. நான்கரை ஸ்டார் என்று அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு, அத்தைகள் ஏன் போய்விட்டார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்போம்.

சில குறைகள் பக் இல்லை. கோபம். அதை டிக்கெட்டாக மாற்ற முடியாது. 2024 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஆரோஹெட் நிறுவனம் செய்த ஹெல்டைவர்ஸ் 2 வந்தது. எதிர்பாராத வெற்றி. மே 3 அன்று அதன் வெளியீட்டாளரான சோனி ஓர் அறிவிப்பு விட்டது: ஸ்டீம் இணையக் கடையில் வாங்கிக் கணினியில் விளையாடுபவர்களும் இனி பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கை இணைத்தே ஆகவேண்டும். தொடக்கத்திலேயே இருந்த விதிதான். சர்வர் நெருக்கடியால் நிறுத்திவைத்திருந்தார்கள். ஆனால் அந்த நெட்வொர்க்கே இல்லாத நாடுகளிலும் விளையாட்டை விற்றிருந்தார்கள். பிலிப்பைன்ஸ், எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா என்று பட்டியல் நீளும். இலங்கையிலும் அந்தக் கணக்கு அப்போது அதிகாரபூர்வமாகக் கிடையாது. காசு கொடுத்து வாங்கி மாதக்கணக்கில் நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்த ஒருவரிடம், உன் நாட்டில் இல்லாத ஒரு கணக்கைக் கொண்டுவா என்றால் எப்படி?

ஒரே வார இறுதியில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட எதிர்மறை ரிவியூக்கள் குவிந்தன. அந்தக் கணக்கு கிடைக்காத 170-க்கும் மேற்பட்ட நாடுகளில் விளையாட்டின் விற்பனையே நிறுத்தப்பட்டது. மூன்று நாளில் சோனி முடிவைக் கைவிட்டது. இப்படிக் கூட்டமாக வந்து விழும் ரிவியூக்களை அத்துமீறல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக வரும் ரிவியூக்களைக் கணக்கிலிருந்து விலக்க ஸ்டீமிலேயே 2019-லிருந்து ஏற்பாடு உண்டு, அது தேவையும்கூட. ஆனால் ஹெல்டைவர்ஸ் விஷயத்தில் அந்த மக்களுக்கு வேறு வாசல் எது இருந்தது? வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் தானியங்கிப் பதில் வரும். வாங்கியவருக்கு எளிதாகக் கிடைத்த பொதுவெளி ரிவியூப் பக்கம். ஆரோஹெட்டின் அப்போதைய தலைவர் யோஹான் பிலெஸ்டெட், இதில் தன் பொறுப்பும் உண்டு, இந்த விதி முன்பே தனக்குத் தெரியும் என்று வெளிப்படையாக எழுதினார். கோபத்தில் இருக்கிற கூட்டத்தின் முன் போய் அதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

அதே நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆயுதங்களின் பலத்தைக் குறைத்து மறுபடி கோபத்தைச் சம்பாதித்தது. இந்த முறை அவர்கள் 60 நாள் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். எதையெல்லாம் திருப்பித் தருவோம், எதைப் புதிதாக யோசிப்போம் என்று எழுதிவைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அப்டேட்டில் இறக்கினார்கள். “உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்” என்ற வாக்கியத்தால் ஆறாத கோபம், தேதி போட்ட ஒரு பட்டியலால் ஆறும்.

முழுதாக உடைந்துபோனதைச் சரிசெய்தவர்கள் என்று பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃபைனல் ஃபேன்டஸி 14. 2010 செப்டம்பர் 30 அன்று வந்த அதன் முதல் பதிப்பு படுதோல்வி. பீட்டா காலத்திலேயே விளையாடியவர்கள் சொல்லியிருந்தார்கள். அதைச் செய்த ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் அந்த டிசம்பரில் குழுத் தலைமையை மாற்றி, நவோகி யோஷிதாவிடம் ஒப்படைத்தது. மாதச் சந்தா வாங்குவதையும் நிறுத்திவைத்தது. மறுபடி வாங்க ஆரம்பித்தது 2012 ஜனவரியில்தான். பின்னாளில் யோஷிதா மாநாட்டுப் பேச்சு ஒன்றில் சொன்ன ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தப் பழைய விளையாட்டில் ஓரமாக வைத்திருந்த ஒரு பூந்தொட்டி, விளையாடுகிறவரின் உருவத்துக்கு இணையான வரைகலைச் சுமையோடு செய்யப்பட்டிருந்தது. தொட்டியின் அழகுக்கு அவ்வளவு உழைப்பு, அதனால் திரையில் சேர்ந்து நிற்கக்கூடிய மனிதர்களின் எண்ணிக்கைக்கு வெட்டு. பலரோடு சேர்ந்து விளையாடத்தான் வருகிறார்கள் என்பது வடிவமைத்தவர்களின் கண்ணில் படவேயில்லை.

யோஷிதா வந்ததும் தயாரிப்பாளர் கடிதம் என்று எழுத ஆரம்பித்தார். பிறகு நேரலையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். உடைந்த விளையாட்டை ஒரு பக்கம் ஒட்டுப்போட்டுக்கொண்டே, இன்னொரு பக்கம் அடியிலிருந்து புதிதாகக் கட்டினார்கள். 2012 நவம்பர் 11 அன்று பழைய உலகத்தை மூடினார்கள். சர்வரை வெறுமனே அணைக்கவில்லை. கதைக்குள்ளேயே நிலவு ஒன்று விழுந்து அந்த உலகம் அழிந்தது. கூடவே இருந்த விளையாட்டாளர்களை அப்படி மரியாதையோடு வழியனுப்பினார்கள். 2013 ஆகஸ்ட் 27 அன்று புதிய பதிப்பு. இன்றுவரை ஓடுகிறது.

நோ மேன்ஸ் ஸ்கை இதற்கு நேர்மாறான வழியில் போனது. 2016 ஆகஸ்டில் வந்தபோது, சொன்னதில் பாதி இல்லை என்று ஆத்திரம். அதைச் செய்த ஹலோ கேம்ஸ் நிறுவனம் வாயே திறக்கவில்லை. நவம்பர் கடைசியில் முதல் பெரிய அப்டேட், பிறகு அடுத்தது, அடுத்தது. பலர் சேர்ந்து விளையாடும் வசதி முழுமையாக வந்தது 2018 ஜூலையில். 2024 கடைசியில் ஸ்டீமில் அதன் மொத்த மதிப்பீடு ‘மிகவும் சாதகம்’ என்ற நிலைக்கு ஏறியது, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. முடிவு நல்லதுதான். ஆனால் அந்த முதல் மூன்று மாத மௌனத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேசி மாட்டிக்கொண்டவர்களுக்கு மௌனம் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் அந்த மூன்று மாதமும் ஏமாற்றப்பட்டோமா என்று தெரியாமல் இருந்தார்கள். “வேலை நடக்கிறது, இன்னது வரும்” என்ற ஒரு வரியாவது அவர்களுக்குக் கடன்.

கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. ஃபாக்டோரியோ விளையாட்டுக்குத் தள்ளுபடி விலை எப்போது என்று ஆண்டாண்டாகக் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். அதைச் செய்த செக் நாட்டுக் குழு, தள்ளுபடி தர மாட்டோம் என்று ஸ்டோர் பக்கத்திலேயே சொல்லிவிட்டது. இன்று முழு விலைக்கு வாங்குகிறவர் நாளை பாதி விலையைப் பார்த்து நோகக்கூடாது. 2023 ஜனவரியில் பணவீக்கத்தைச் சொல்லி 30 டாலரை 35 ஆகவும் உயர்த்தினார்கள். முடியாது என்பதைக் காரணத்தோடு ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் அதிலேயே ஒரு மரியாதை இருக்கிறது. “பரிசீலனையில் உள்ளது” என்று மூன்று ஆண்டு இழுப்பதுதான் அவமதிப்பு.

கேட்கவே கூடாத ஒன்றும் உண்டு. மிரட்டல். டெஸ்டினி 2 செய்யும் பங்கி நிறுவனத்தின் ஊழியர் ஒருவரை ஒரு விளையாட்டாளர் தனிப்பட்ட தொலைபேசிவரை துரத்தி நிறவெறியோடு துன்புறுத்தினார். நிறுவனம் வழக்குப் போட்டு, 2023-ல் கிட்டத்தட்ட 5 லட்சம் டாலர் இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வாங்கியது. ஊழியருக்காக நிறுவனம் நீதிமன்றம் போனது எனக்கு நிறைவாக இருந்தது. பயனரின் குரலுக்கு முதல் இடம் என்று பேசும்போது, அந்தக் குரலைத் தினமும் காதில் வாங்குகிறவர்கள் யார் என்பதை மறந்துவிடுகிறோம். சப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பெரும்பாலும் இருப்பதிலேயே குறைந்த சம்பளம். இரவு ஷிஃப்ட். செய்யாத தவறுக்கு நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பவர்கள். எந்த அப்டேட் வந்த அன்று எந்த மாடல் போன்காரர்கள் அழுதார்கள் என்று அவர்களுக்குத்தான் மனப்பாடம். பல நிறுவனங்களில் அவர்கள் வேறொரு கட்டடத்தில், சில சமயம் வேறொரு ஒப்பந்த நிறுவனத்தில் இருப்பார்கள். டெவலப்பரோடு நேராகப் பேச அவர்களுக்கு வழியே இருக்காது. அவர்களை டெவலப்பரின் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாலே பாதிக் குறைகள் தீர்ந்துவிடும் என்பது என் நம்பிக்கை. முடியாவிட்டால், நிரல் எழுதுகிறவர் வாரத்தில் ஒரு பிற்பகலாவது சப்போர்ட் அழைப்புகளைக் காதால் கேட்கவேண்டும். சுருக்க அறிக்கை போதாது. அத்தையின் “அதுக்குத்தான் மறதி” என்ற வரி எந்தச் சுருக்க அறிக்கையிலும் வராது. “ஓடிபி சரிபார்ப்பு தோல்வி, 14 புகார்கள்” என்றுதான் வரும்.

பதில் எழுதுவதைப் பற்றி ஒன்று. ஒரு ஸ்டார் ரிவியூக்களுக்குக் கீழே, “சிரமத்துக்கு வருந்துகிறோம், கீழ்க்கண்ட மின்னஞ்சலுக்கு விவரங்களுடன் எழுதவும்” என்று ஒரே பதிலை நூறு பேருக்கும் ஒட்டிவைத்திருப்பார்கள். அதை வைத்தவர் ஒரு ரிவியூவையும் படிக்கவில்லை என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். பிளே ஸ்டோரில் பதிலுக்கு 350 எழுத்துதான் இடம். அது போதும். அவர் சொன்ன குறையை அவர் சொற்களிலேயே ஒரு வரி, நாம் கண்டுபிடித்தது ஒரு வரி, எந்தப் பதிப்பில் சரியாகும் என்று ஒரு வரி. தமிழில் எழுதியவருக்குத் தமிழில். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றால் அதையே எழுதலாம்.

பக்கைச் சரிசெய்து புதுப் பதிப்பு வெளியான அன்று வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் கலைந்து போவார்கள். அன்றைக்குத்தான் பழைய ரிவியூக்களைத் தேடிப்போக வேண்டும். ஆறு மாதம் முன்பு அதே குறையை எழுதிவிட்டு ஆப்பை நீக்கியவரின் ரிவியூ அங்கேயே இருக்கிறது. அதற்குக் கீழே, “நீங்கள் சொன்னது சரி. மெசேஜைப் பார்க்க வெளியே போனால் மறந்துவிடும் குறை இந்தப் பதிப்பில் சரியாகிவிட்டது” என்று எழுதினால், அவருக்கு அறிவிப்பு போகும். அவர் ஆப்பை மறுபடி போடலாம், ஸ்டாரை மாற்றலாம், ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். எதுவானாலும் அவர் சொன்னதன் முடிவு அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.